ஆட்டுப் புழு மருந்தைக் கொண்டு நிகோட்டினிக் ஏற்பியைச் சோதிப்பது எப்படி?

செட்டிநாட்டு ஊர்களில் ஆட்டுக்குக் குடற்புழு நீங்கக் கொடுக்கும் லெவாமிசோல், புழுத் தசையின் நிகோட்டினிக் ஏற்பியை, அதாவது நரம்பின் சைகை வந்ததும் திறக்கும் புரத வாசலை, திறந்தே வைத்துவிடும். சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும். தசை சுருங்கி விறைத்துப்போகும். ஆட்டின் ஏற்பி அதே அளவுக்கு மசியாது. ஏற்பி வழியே பாயும் மின்னோட்டத்தை நேராக அளக்கும் பேட்ச் கிளாம்ப் கருவி இல்லாத காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்திலும், 1 மி.மீ. நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற ஆய்வகப் புழுவை வைத்து இந்த ஏற்பி வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம்.

கடையில் விற்கும் ஆட்டு மருந்து வேண்டாம். அதில் வேறு மருந்தும் கலந்திருக்கலாம். ஆய்வகத் தர லெவாமிசோல் ஹைட்ரோகுளோரைடு 241 மி.கி.யை 10 மி.லி. நீரில் கரைத்தால் 100 மில்லிமோலார் (செறிவின் அளவு) மருந்துக் கரைசல் கிடைக்கும்.

அடுத்து, புழுவை விடும் தட்டுகளுக்கான அகார் கூழ். 97.5 மி.லி. நீரில் உப்பு 0.3 கிராம், பெப்டோன் 0.25, அகார் 1.7 சேர்த்து ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில்) கிருமி நீக்கி 55 டிகிரிக்கு ஆறவிடுங்கள். பிறகு 1 மோலார் கால்சியம் குளோரைடு 0.1 மி.லி., ஆல்கஹாலில் கரைத்த கொலஸ்ட்ரால் (மி.லி.க்கு 5 மி.கி.) 0.1, 1 மோலார் மெக்னீசியம் சல்பேட் 0.1, கடைசியாக பி.எச். 6 உள்ள 1 மோலார் பாஸ்பேட் கரைசல் 2.5. ஒவ்வொன்றையும் விட்டதும் சுழற்றுங்கள். கால்சியமும் பாஸ்பேட்டும் நேராகச் சந்தித்தால் வெள்ளையாகத் திரிந்துவிடும். பாதியைத் தனியே எடுத்து, அந்த 50 மி.லி.க்கு மருந்துக் கரைசல் 0.1 மி.லி. விட்டால் 200 மைக்ரோமோலார். மறுபாதி மருந்தில்லாத ஒப்பீட்டுக்கு. இரண்டையும் தனித்தனித் தட்டுகளில் ஊற்றி, ஓர் இரவு உலரவிடுங்கள். ஈரத் தட்டில் புழு நீந்தும், கணக்கு கெடும்.

வெப்பம்தான் இங்கே பெரிய தொல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எவ்வளவு குளுமையாக இருந்தாலும் புழு வளர்க்க வேண்டிய 20 டிகிரி சித்திரையில் கிடைக்காது. 25ஐத் தாண்டினால் முட்டையே குறையும். இன்குபேட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். மின்சாரம் போனால் தெர்மகோல் பெட்டியில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு வையுங்கள், தட்டில் உரசாமல்.

சோதனைக்கு முந்தின நாள் நான்காம் பருவ இளம்புழுக்களைப் பொறுக்குங்கள். உடலின் நடுவே, ஓரமாக, வெள்ளைப் பிறைபோல ஒரு திட்டு தெரியும்; அதுதான் அடையாளம். 24 மணி நேரத்தில் இளம் முதிர்புழுவாகிவிடும். வயது கலந்தால் முடிவும் கலங்கும்.

தட்டுக்கு 25 புழு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளாட்டினம் கம்பியால் தலையிலும் வாலிலும் மும்மூன்று முறை மெல்லத் தொடுங்கள். அசையாததை முடங்கியதாக எழுதுங்கள். முடங்கிய புழு குட்டையாகிக் கிடக்கும். எது எந்தத் தட்டு என்பது எண்ணுபவருக்குத் தெரியக்கூடாது; தெரிந்தால் கை தானாக அழுத்தும்.

கூடவே அன்க்-29 மரபணு பழுதான புழுவையும் வையுங்கள். ஏற்பியின் ஒரு துணையலகு (ஏற்பியைக் கட்டும் புரதத் துண்டு) இல்லாததால் அது மருந்துத் தட்டிலும் நெளியும். இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் விட்டால் சாதாரணப் புழுக்களே சில மருந்துக்குப் பழகி மறுபடி அசையத் தொடங்கும்.