போதை மாத்திரையை விடும்போது அக்குபஞ்சர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலி மாத்திரைக்கோ ஹெராயினுக்கோ அடிமையான பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் வீட்டார், "இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், அக்குபஞ்சரிலேயே சரியாகிடுமா?" என்று கேட்பது கடலூர், புதுச்சேரிப் பக்கம் சகஜம். ஆசை நியாயமானதுதான். 1970களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் டாக்டர் வென், வேறு சிகிச்சைக்காக மின் அக்குபஞ்சர் கொடுத்தபோது அபின் பழக்கமுள்ள நோயாளிக்கு, அபின் நின்றதால் வந்த அவஸ்தை தணிந்ததைத் தற்செயலாகக் கவனித்தார். பிறகு நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையில் காதில் ஐந்து புள்ளிகளில் ஊசி போடும் முறை உருவானது. ஆனால் உயிரிழப்பைக் குறைப்பதாக உறுதியாகத் தெரிந்தவை, போதை மருந்துக்கு மாற்றாக டாக்டர் கொடுக்கும் பூப்ரெனார்பின், மெத்தடோன் மருந்துகளே. அக்குபஞ்சர் ஊசி வெறும் பக்கத்துணை. அதை நம்பி மருந்தை நிறுத்துவதுதான் பெரிய தவறு.

அடுத்தது நம் ஊருக்கே உரியது. வாந்தியும் பேதியுமாகக் கிடப்பவரைப் பார்த்து, "கழிவு வெளியேறுது, நல்லதுதான்" என்பார்கள். கழிவும் இல்லை, ஒன்றும் இல்லை. கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், கை கால் குடைச்சல், பேதி எல்லாமே போதை மருந்து நின்றதற்கு உடம்பு காட்டும் எதிர்வினை. கத்திரி வெயிலில் நீர்ச்சத்து போனால் ஆளே சாய்ந்துவிடுவார். ஓஆர்எஸ் கொடுங்கள், எதுவும் வயிற்றில் தங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனை. கர்ப்பிணியாக இருந்தால் வீட்டில் நிறுத்திப் பார்க்கவே கூடாது.

கடைசியாக எப்போது, எதை எடுத்தார் என்பதை டாக்டரிடம் மறைப்பதும் ஆபத்து. பூப்ரெனார்பின், டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டுத் தான் உட்காருவது மாதிரி, மூளையில் போதை மருந்து பிடித்த இடத்தைப் பறித்துக்கொள்ளும். ஆனால் அதைப்போல முழு வேலை செய்யாது. அவசரப்பட்டுக் கொடுத்தால் அவஸ்தை ஒரேயடியாகக் கிளம்பும். ஹெராயின் என்றால் குறைந்தது 12 மணி நேரமாவது பொறுக்க வேண்டும், மெத்தடோன் என்றால் இன்னும் அதிகம். போதை மருந்தை வேலை செய்யவிடாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோனுக்கு, 7 முதல் 10 நாள் வரை போதை மருந்து எதையும் தொடாமல் இருக்க வேண்டும். அக்குபஞ்சர் எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அவஸ்தையைத் தணிக்கக் கொடுக்கும் குளோனிடின் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்த அழுத்தம் இறங்கும். வெறும் வயிற்றோடு ஊசிக்கு உட்கார்ந்து, சட்டென்று எழுந்தால் மயக்கம் வரலாம். ஊசி புதிய பாக்கெட்டைப் பிரித்து எடுத்ததுதானா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். எச்ஐவியும் ஹெபடைடிஸும் ஊசி வழியே பரவும்.

நாலு நாள் தாண்டி, தூக்கம் வந்து, முகம் தெளிந்ததும் "ஆள் சரியாயிட்டான்" என்று எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். அப்போதுதான் உயிருக்கே ஆபத்து. உடம்பின் தாங்குதிறன் இறங்கியிருக்கும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகும். அதனால் கோரிமேடு ஜிப்மரின் மனநலப் பிரிவோ வேறு அரசு மருத்துவமனையோ, எங்கே தொடங்கினீர்களோ அங்கேயே தொடர்ந்து போங்கள். வழி தெரியாவிட்டால் 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண் இருக்கிறது. உதடு நீலம் பாரித்து, எழுப்பியும் எழாமல் மூச்சு மெதுவானால் 108ஐ அழையுங்கள். என்ன எடுத்தார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.