புது கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேம் திக்கித் திணறினால் பழி முதலில் கிராபிக்ஸ் கார்டின் மேல்தான் விழும். உடனே எந்த கார்டு நல்லது என்று விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம். தன் கணினியில் எது தடங்கல் என்று பார்ப்பவர்கள் குறைவு. புது கார்டு போட்டும் எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்குத் திரையில் வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை) ஏறவில்லை என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பார்ப்பது சுலபம். வழக்கமாக ஆடும் கேமில் விசிங்க்கையும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்) எஃப்பிஎஸ் வரம்பையும் எடுத்துவிடுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மாதிரி ஒரு கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து, ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) பயன்பாட்டைக் கவனியுங்கள். 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டு முழுமூச்சாக உழைக்கிறது, மாற்றினால் பலன் உண்டு. 60, 70 என்று அலைபாய்ந்தால் அது பெரும்பாலும் பிராசஸருக்காகக் காத்திருக்கிறது. இன்னும் சந்தேகமா? ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். அப்போதும் எஃப்பிஎஸ் அப்படியே இருந்தால் பிராசஸரோ ராமோதான் முட்டுக்கட்டை. ஒற்றை ஸ்டிக் ராம் வைத்திருப்பவர்களுக்கு, அதே ரகத்தில் இன்னொன்றைச் சேர்த்தாலே சில கேம்களில் நல்ல மாற்றம் தெரியும். எந்த பாகம் தடங்கல் என்று கணித்துச் சொல்லும் 'பாட்டில்நெக் கால்குலேட்டர்'கள் காட்டும் சதவீதத்தை நம்ப வேண்டாம். ஒரே பிராசஸரும் கார்டும் கேமுக்கு கேம் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

சரி, கார்டுதான் மாற்ற வேண்டும் என்று உறுதியாகிவிட்டது. அடுத்த பொறி பெயர். ஜிடிஎக்ஸ் 1060 என்ற ஒரே பெயரில் 3 ஜிபி, 6 ஜிபி என இரண்டு கார்டுகள் வந்தன. வித்தியாசம் மெமரியில் மட்டும்தான் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் சிறியதில் கோர்களே (கணக்குப் போடும் சிறு அலகுகள்) குறைவு: 1280க்குப் பதில் 1152. ஆர்டிஎக்ஸ் 3060 கதையும் இதேதான். 12 ஜிபி கார்டில் மெமரி பஸ் (மெமரியிலிருந்து தரவு வரும் பாதையின் அகலம்) 192 பிட், பின்னால் வந்த 8 ஜிபி கார்டில் 128 பிட். பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தால் இது தெரியாது.

அதற்காக மெமரி அதிகமிருந்தால் வேகம் அதிகம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 8 ஜிபி உள்ள 3070, 12 ஜிபி 3060ஐவிட வேகமானது. மெமரி பற்றாமல் போகும்போதுதான் கதை மாறும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே காட்டும், ஆனால் ஆட்டம் நடுநடுவே வெட்டி வெட்டி நிற்கும், டெக்ஸ்சர்கள் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) மங்கலாகவே கிடக்கும். டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி இறக்கியதும் இது சரியானால், மெமரி போதவில்லை என்று அர்த்தம்.

பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் பிசிஐஇ லேன்களையும் (கார்டும் மதர்போர்டும் தரவு பரிமாறும் பாதைகள்) பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே லேன்களில் ஓடும் கார்டு. பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0 ஸ்லாட்டில் போட்டால் அதன் வேகம் பல கேம்களில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையும்.

விளம்பர வரைபடங்களைப் பார்க்கும்போது, கீழே பொடி எழுத்தில் ஃபிரேம் ஜெனரேஷன் என்று இருக்கிறதா என்று தேடுங்கள். 2025 ஜனவரியில் என்விடியா, ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு முந்தைய தலைமுறையின் உச்ச கார்டான 4090க்கு இணையான வேகம் தரும் என்றது. அந்தக் கணக்கில் ஃபிரேம் ஜெனரேஷன் வழியாக, நிஜமாக வரையப்படும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையே மூன்று ஃபிரேம்கள் வரை மென்பொருள் உருவாக்கிச் செருகுகிறது. படம் வழுக்கிக்கொண்டு போகும், மறுக்கவில்லை. ஆனால் மவுஸை அசைத்தால் கிடைக்கும் சுறுசுறுப்பு நிஜ ஃபிரேம்களைப் பொறுத்ததே. ஷூட்டர் ஆடுபவர்களுக்கு அந்த எண்ணால் பெரிய பிரயோஜனம் இல்லை.

பவர் சப்ளையில் வாட்ஸை மட்டும் பார்த்தால் போதாது, கனெக்டர்களையும் எண்ணுங்கள். ஸ்லாட் வழியாக 75 வாட், ஒரு 8 பின் கனெக்டரில் 150 வாட் என்பது விதி. மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையின் கேபிளை வேறு மாடலில் செருகவே செருகாதீர்கள். முனை பொருந்திவிடும், ஆனால் உள்ளே வயர் வரிசை மாறியிருந்தால் பாகங்கள் கருகிவிடும். புதிய 16 பின் கனெக்டரைக் கடைசிவரை அழுத்திச் செருகுங்கள். 2022இல் 4090 கார்டுகளில் கனெக்டர் உருகியதற்குச் சரியாகச் செருகாததும் ஒரு காரணம்.

கேஸில் கார்டின் நீளம் அடங்குமா என்று மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். முன்னால் ரேடியேட்டர் (தண்ணீர்க் குளிரூட்டியின் பாகம்) இருந்தால் அதன் தடிமனையும் கழிக்க வேண்டும். அப்புறம், மாட்டி முடித்ததும் மானிட்டர் கேபிளைப் புது கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட் (ஒரு நொடிக்கு மானிட்டர் படத்தைப் புதுப்பிக்கும் எண்ணிக்கை) 60லேயே நிற்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.