தூளைப் பார்த்துத் தேத்தண்ணி ஊற்றுவது எப்படி

தேயிலைப் பொதியில் இருக்கும் ஓ.பி., பெக்கோ, பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்ற எழுத்துகளைப் பலர் தரவரிசை என்றே நினைக்கிறார்கள். ஓ.பி. உசத்தி, டஸ்ட் மட்டம் என்று ஒரு கணக்கு. உண்மையில் இவை இலையின் அளவைச் சொல்பவை: ஓ.பி., பெக்கோ பெரிய இலை, டஸ்ட் மிகப் பொடி. ஒரே நாள் பறித்த கொழுந்து ஒன்றாக வாடி, ரோலரில் உருண்டு, புளித்து, காய்ந்து, கடைசியில் சல்லடையில்தான் இப்படிப் பிரிகிறது. ருசிக்கும் மணத்துக்கும் எந்த மலை, எந்த மாதம் என்று கேட்க வேண்டும். எவ்வளவு நேரம் ஊற வைப்பது, பால் தாங்குமா என்பதற்குத்தான் இந்த எழுத்துகள் உதவும்.

முதலில் மலை. இலங்கையின் மலைநாட்டில் நுவரெலியாத் தூளில் சாயம் வெளிறிய பொன்னிறம், மணம் மெல்லியது. அதில் பால்மாவைக் கொட்டினால் சாம்பல் நிறத்தில் ஒரு தண்ணி கிடைக்கும், மணம் போன இடம் தெரியாது. அதைப் பால் சேர்க்காத பிளேன்டியாக மட்டும் குடியுங்கள். ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துத் தூளை திம்புள்ள என்பார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பகலில் வெயிலும் இரவில் கடுங்குளிருமாக இருக்கும்போது பறித்தது அங்கே சிறந்தது. பாலுக்கும் வரும், வெறுமனேயும் வரும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்து ஊவாத் தூளுக்குக் காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று மழையை எல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வறண்ட கச்சான் காற்றாக மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும். செடியின் வளர்ச்சி மட்டுப்பட்டு, கொழுந்தில் மணம் திரளும். அந்த மாதங்களில் செய்த நல்ல ஊவாத் தூளில் மென்தால் போல ஒரு குளிர்ச்சி மூக்கில் ஏறும், பால் ஊற்றினாலும் அடங்காது. கண்டி, கம்பளைப் பக்கத்து நடுமலைத் தூள் சாயமும் கனமும் உள்ளது. இரத்தினபுரி, காலி, மாத்தறைத் தூளுக்குக் கறுத்த நிறமும் இனிப்புச் சாயலும் உண்டு; கடுஞ்சாயப் பிரியர்களுக்கு அது.

வாங்கும்போது ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கறுப்பாக, ஒரே அளவாக, விரலால் நசுக்கினால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். நசுங்கி வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. பழுப்பு நிறத்தில் காம்பும் நாரும் பஞ்சும் தெரிந்தால் அது கழிவுத் தூள் கலந்தது. நிறம் பூசியதா என்ற சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடித் தம்ளர் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் தூவி விடுங்கள். நல்ல தூள் மெதுவாகத்தான் நிறம் விடும். விழுந்த கணமே சிவப்புக் கோடு இறங்கினால் அந்தக் கடையை மாற்றுங்கள்.

இனி ஊற்றுவது. மலைநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு டிகிரி குறையும். நுவரெலியா டவுனில் கொதிநீர் சுமார் 94 டிகிரிதான், ஹட்டனில் 96 அளவு. பொதியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு பெரும்பாலும் கடல்மட்டத்துக் கொதிநீருக்கானது. ஆகவே இங்கே கேத்தல் கொதித்த உடனேயே ஊற்றுங்கள், ஆற விடாதீர்கள். பாத்திரத்தை முன்பே சுடுதண்ணியால் அலசிக்கொள்ளுங்கள், மூடி போடுங்கள், சொன்ன நேரத்துக்கு மேல் அரை நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த பீங்கானில் ஊற்றிவிட்டு, தூளில் சாயம் இறங்கவில்லை என்று அள்ளி அள்ளிப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

பிளேன்டிக்கு 200 மில்லிலீற்றர் தண்ணிக்கு இரண்டரை கிராம் தூள். பி.ஓ.பி.எஃப். என்றால் தட்டிச் சமன் செய்த ஒரு தேக்கரண்டி. ஓ.பி., பெக்கோ போன்ற பெரிய இலை கரண்டியில் இடத்தை அடைக்கும், எடை நிற்காது. ஒன்றரை முதல் இரண்டு கரண்டி வரை வேண்டும். டஸ்ட் இரண்டு நிமிடம், பி.ஓ.பி.எஃப். மூன்று, பி.ஓ.பி. மூன்றரை முதல் நான்கு, பெரிய இலை ஐந்து முதல் ஆறு. நேரம் முடிந்ததும் வடித்துவிட வேண்டும். சாயம் போதவில்லை என்றால் அடுத்த முறை தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். அதிகம் ஊறினால் கூடுவது கசப்பும் துவர்ப்பும்தான்.

இஞ்சி பிளேன்டிக்கு இஞ்சியைத் தட்டித் தண்ணியோடு ஐந்து நிமிடம் கொதிக்க வைத்த பிறகே தூளில் ஊற்றுங்கள். தூளையும் சேர்த்துக் கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். தேசிக்காய் பிழிவதானால் வடித்த பிறகு. புளி பட்டதும் சாயம் வெளிறும், அது தூளின் குற்றமல்ல. சீனியைக் கலக்காமல் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் பழக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: தேத்தண்ணியின் மணம் கலங்காமல் வரும், இனிப்பும் குறையாது. அதற்கு உயர்மலைப் பி.ஓ.பி. பொருத்தம்.

விருந்தாளிக்குப் பால் தேத்தண்ணிதான் மரியாதை என்பது தோட்டத்து லயத்திலும் டவுனிலும் ஒன்றுதான். அதற்கு டஸ்ட் அல்லது பி.ஓ.பி.எஃப். வேண்டும், மென்மையான இலை வேண்டாம். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் சாயம் கடுமையாக இருந்தால்தான் ருசி மிஞ்சும். இரண்டு கோப்பைக்கு 300 மில்லிலீற்றர் கொதிநீரில் சமன் செய்த இரண்டரைத் தேக்கரண்டி தூள், மூன்று நிமிடம், மூடி போட்டு. அதற்குள் கோப்பைக்கு ஒரு குவித்த மேசைக்கரண்டி பால்மாவையும் சீனியையும் உலர்வாகவே கலந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு கரண்டி வெதுவெதுப்பான தண்ணி விட்டுக் களி போலக் குழையுங்கள். கொதிக்கும் சாயத்தை நேரே பால்மாவில் ஊற்றினால் வெளிப்புறம் உடனே ஒட்டி, உள்ளே காய்ந்த மாவோடு கட்டி கட்டியாக நிற்கும். சீனி நடுவில் புகுந்து துகள்களைப் பிரித்து வைக்கும். சாயத்தை வடித்து ஊற்றி, இரண்டு கோப்பைகளுக்கிடையே நாலைந்து தடவை உயர்த்தி ஆத்துங்கள். நுரையும் வரும், குடிக்கிற சூட்டுக்கும் இறங்கும்.

யாழ்ப்பாணத்து உறவினருக்கு இங்கிருந்து நல்ல தூள் அனுப்பியும், அங்கே ஊற்றினால் மங்கலாக, மேலே ஏடு படிந்து வருகிறது என்பார்கள். காரணம், அங்கே சுண்ணாம்புக் கல் நிலத்தின் கிணற்றுத் தண்ணி. வடிகட்டிய தண்ணியோ மழைநீரோ பாவிக்கச் சொல்லுங்கள். நல்ல உயர்மலைச் சாயம் ஆறியதும் கலங்கிப் பாலாடை போலாவது வேறு சங்கதி, அது சத்துள்ள தூளின் அடையாளம். சூடாக்கினால் தெளிந்துவிடும்.

மூடுபனிக் காலத்தில் திறந்த பொதி சில நாட்களிலேயே ஈரம் குடித்துவிடும். இறுக்கமாக மூடும் தகரத்தில் போட்டு, சவர்க்காரம், மசாலா, மண்ணெண்ணெய், அடுப்புப் புகை எதுவும் அண்டாத இடத்தில் வையுங்கள். தேயிலை பக்கத்திலிருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஈரக் கரண்டி போடக் கூடாது.

மலைக்கு வேலைக்குப் போகும்போது போத்தலில் கொண்டு போவதானால் தூளை முழுக்க வடித்துவிட்டுச் சாயத்தை மட்டும் ஊற்றுங்கள். பாலைச் சேர்க்காதீர்கள், மத்தியானத்துக்குள் வாடை வந்துவிடும். பால்மாவும் சீனியும் கலந்த பொட்டலம் தனியாக இருக்கட்டும்.