பரணில் ஏறும் முன்: அடைசலான வீட்டை ஒழிக்கத் தயாராவது எப்படி?

அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்த கும்பகோணத்து வீட்டை ஒழிக்க நானும் அண்ணனும் போனோம். நாற்பது வருஷத்துச் சாமான். போன கையோடு பரணில் இருந்ததை இறக்க ஆரம்பித்தோம். மத்தியானத்துக்குள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அம்மா அடுக்களையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இறக்கியதையெல்லாம் திரும்ப ஏற்றிவிட்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

அடுத்த முறை மூன்று வாரம் தயார் செய்தோம். வேலை நான்கே நாளில் முடிந்தது. அந்த மூன்று வாரத்தில் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பேசுங்கள்

அந்த வீட்டில் வாழ்கிறவர் சம்மதிக்காமல் ஒரு டப்பாவைக்கூடத் தொடாதீர்கள். ‘குப்பை’ என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. “எதைத் தூக்கிப் போடலாம்?” என்று கேட்டால் எதையும் போட விடமாட்டார்கள். “எதெது கட்டாயம் இருக்கணும்?” என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் கண்ணெதிரே நோட்டில் எழுதுங்கள். எங்கள் அம்மா முதலில் சொன்னது: “பேர் வெட்டின பாத்திரம் எதையும் எடைக்குப் போடக் கூடாது.” அந்த ஒரு வரியை எழுதிக்கொண்ட பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

கூடப்பிறந்தவர்களிடமும் இப்போதே கேட்டுவிடுங்கள். வெண்கலப் பானை யாருக்கு, ஊஞ்சல் பலகை யாருக்கு என்பதை ஒழிக்கிற அன்று பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

ஒன்றைக் கவனியுங்கள். காலி பால் கவரைப் போடக்கூட ஒருவர் பதறுகிறார், படுக்க இடமில்லாத அளவுக்குச் சேர்த்துவைக்கிறார் என்றால் அது பிடிவாதமாக இல்லாமல் மனநலச் சிக்கலாகவும் இருக்கலாம். அவருக்குத் தெரியாமல் அள்ளிக் கொட்டுவது நிலைமையை மோசமாக்கும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இலவசமாக ஆலோசனை கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

படி 2: காகிதங்களைத் தேடுங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பழைய பேப்பர்காரரை வரச்சொல்வதற்கு முன்பே, சாமானை நகர்த்தாமல், காகிதத்துக்காக மட்டும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். நம் வீடுகளில் அது இருக்கிற இடங்கள் தெரிந்தவைதான்: பீரோவில் பட்டுப்புடவை மடிப்பு, அலமாரித் தட்டில் விரித்த செய்தித்தாளுக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால், ஆணியில் தொங்கும் மஞ்சப்பை, பிஸ்கட் டின், அரிசி டிரம்முக்கு அடியில், பழைய டைரி. எங்கள் வீட்டு மூலப்பத்திரம் 1980களின் கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள் இருந்தது.

பத்திரம், பட்டா, எல்ஐசி பாலிசி, தபால் ஆபீஸ் பாஸ்புக், டெபாசிட் ரசீது, பங்குச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், நகைச் சீட்டு ஆகியவை தனிப்பெட்டிக்குப் போகட்டும். மூலப்பத்திரம் தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று அலைய வேண்டியிருக்கும்.

பழைய பாஸ்புக் என்று எதையும் கிழித்துவிடாதீர்கள். பத்து வருஷம் யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும், ஆனாலும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம். அப்படிக் கிடக்கும் கணக்குகளைத் தேட 2023இல் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்காத பங்குகளும் இதேபோல் அரசு நிதி ஒன்றுக்கு மாற்றப்படும், அவற்றையும் மீட்கலாம்.

கடுகு டப்பாவில் 2,000 ரூபாய்த் தாள் கிடைத்தால் சென்னையில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் கொடுக்கலாம். 2016இல் செல்லாமல் போன 500, 1,000 தாள்களுக்கு வழியில்லை.

ஓலைச்சுவடி கிடைத்தால் நீங்களாக எண்ணெய் தடவித் துடைக்க வேண்டாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கென்றே ஒரு துறை இருக்கிறது, அங்கே கேளுங்கள். பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

படி 3: ஆபத்தைப் பாருங்கள்

டார்ச் எடுத்துக்கொண்டு ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். கரையான் அரித்த பரண் பலகையில் யாரும் ஏற வேண்டாம். எலிப் புழுக்கை கிடந்தால் வறட்டுத் துடைப்பம் போடாதீர்கள், தூசி மூச்சில் ஏறும். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். எலியின் சிறுநீர் கையிலோ காலிலோ உள்ள காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். கொல்லையில் அடுக்கிய செங்கல், விறகு, தேங்காய் மட்டைக்குள் வெறுங்கையை விடாதீர்கள். பாம்பைப் பார்த்தால் தள்ளி நின்று தீயணைப்புத் துறைக்கு 101இல் சொல்லுங்கள்.

பழைய டியூப்லைட்டிலும் கண்ணாடித் தெர்மாமீட்டரிலும் பாதரசம் உண்டு. உடைக்காமல் தனியாக வையுங்கள்.

படி 4: நாள், ஆள், இடம்

தை, மாசியே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்தில் எதையும் பரப்ப முடியாது. போகிக்குக் கொளுத்திவிடலாம் என்று பிளாஸ்டிக்கையும் டயரையும் சேர்த்து வைக்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு.

கோணிப்பை, சணல் கயிறு, மார்க்கர் பேனா, முகக்கவசம் வாங்கி வையுங்கள். காயலாங்கடைக்காரர் இரண்டு பேரிடம் பித்தளை, இரும்பு விலையைத் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டிலேயே ஒருமுறை எடை போட்டுவிடுவதும் நல்லது.

முற்றத்தில் சாக்பீஸால் ஐந்து கட்டம் போடுங்கள்: இருக்கட்டும், கொடுக்க, விற்க, போட, அம்மாவைக் கேட்க. ஐந்தாவதுதான் சண்டையைத் தவிர்த்தது. அதில் ஒரு நேரத்தில் பத்துச் சாமானுக்கு மேல் சேர விடவில்லை. ஆரம்பம் பிளாஸ்டிக் டப்பா, பழைய செய்தித்தாள், உடைந்த நாற்காலியாக இருக்கட்டும். அப்பாவின் சட்டையும் கண்ணாடியும் கடைசி நாளுக்கு.

படி 5: முந்தின நாள் ராத்திரி

சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஒரு தட்டில் வையுங்கள். மறுநாள் சாப்பாட்டுக்கு வெளியே சொல்லிவிடுங்கள். நிழல் விழும் இடமாகப் பார்த்துப் பெரியவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.

மறுநாள் முதல் சாமானை அவர் கையால் எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் அம்மா எடுத்தது பாட்டியின் பேர் வெட்டிய ஒரு சொம்பு. புடவைத் தலைப்பால் துடைத்து, ‘இருக்கட்டும்’ கட்டத்தில் அவளே கொண்டுபோய் வைத்தாள். பிறகு எங்களைப் பார்த்து, “ம், ஏறுங்க” என்றாள்.