பகுதிக் குளிரூட்டல்: திரும்பும் தண்ணீரில் நடக்கும் தவறுகள்

ஒரே ஆலையிலிருந்து பல கட்டடங்களுக்குக் குளிர்நீர் போகும் அமைப்பில், தண்ணீர் எத்தனை டிகிரியில் வருகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். எத்தனை டிகிரியில் திரும்புகிறது என்று பார்ப்பவர் குறைவு. காசு கரைவது அங்கேதான்.

1,000 கிலோவாட் குளிர்ச்சி தேவை என்று வையுங்கள். 5 டிகிரியில் வந்து 14 டிகிரியில் திரும்பினால் வினாடிக்குச் சுமார் 26.5 லிட்டர் போதும். 10 டிகிரியிலேயே திரும்பினால் 48 லிட்டர் ஓட வேண்டும். ஓட்டம் 1.8 மடங்கு, அதே குழாயில் உராய்வை மீறித் தள்ள, பம்புக்கு வேண்டிய மின்திறனோ கிட்டத்தட்ட 6 மடங்கு. சில்லரில் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரத்தில்) திறன் மிச்சமிருக்க, ஓட்டத்துக்காகவே இன்னொரு சில்லரை ஓட்ட நேரும்.

முதலில் மூவழி வால்வைச் சந்தேகப்படுங்கள். சுமை குறைந்ததும் அது குளிர்நீரைக் காயிலுக்குள் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளுக்குள்) விடாமல் அப்படியே திருப்பிவிடும். ஓட்டத்தையே குறைக்கும் இருவழி வால்வுதான் சரி. அதையும் குழாய் விட்டத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. பெரிய வால்வு கொஞ்சம் திறந்தாலே தேவைக்கு மேல் தண்ணீர் பாயும், உடனே மூடும், மறுபடி திறக்கும். தேவையான ஓட்டம், அழுத்த இழப்பு இரண்டையும் வைத்தே அளவு குறிக்க வேண்டும்.

அடுத்தது செட்பாயிண்ட், அதாவது எட்ட வேண்டும் என்று நாம் குறித்துவைக்கும் வெப்பநிலை. 13 டிகிரிக் காற்றுக்கு வடிவமைத்த ஏஎச்யுவில் (காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் இயந்திரத்தில்), யாரோ புழுக்கம் என்றதும் 10 என்று மாற்றிவிடுவார்கள். காயிலால் அதை எட்ட முடியாது. வால்வு முழுக்கத் திறந்தே கிடக்கும். அறை குளிர்ந்ததோ இல்லையோ, தண்ணீர் குளிர்ச்சி குறையாமலே ஆலைக்குத் திரும்பும்.

குழாய்களைக் கழுவும்போது திறந்த பைபாஸை (காயிலைச் சுற்றிப் போகும் குறுக்குவழிக் குழாயை) மூட மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஆலை நீரின் குளிர்ச்சியைக் கட்டட நீருக்கு மாற்றும் தகட்டு வெப்பப் பரிமாற்றியில் அழுக்குப் படிந்தாலும் இதே கதை. ஸ்ட்ரெய்னரின் (குழாயிலுள்ள வடிகட்டியின்) இரு பக்கமும் அழுத்தமானி இருந்தால் அடைப்பு உடனே தெரியும். சிக்கனம் என்று அதை விட்டுவிடுவது வீண்.

வெப்பமூட்டும் வலையமைப்பில் இதே தவறுகள் தலைகீழாகத் தெரியும்: தண்ணீர் சூடு குறையாமல் திரும்பும். அங்கே இழப்பைக் குறைக்க வலையின் வெப்பநிலையைத் தணிக்கலாம். ஆனால் குளியல் நீர்த் தொட்டியை 60 டிகிரிக்குக் கீழே இறக்கினால் நிமோனியா தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளர இடம் கொடுத்ததாகும்.

மீட்டரில் மாத மொத்தத்தை மட்டும் எடுக்காதீர்கள். ஓட்டம், வரும் வெப்பநிலை, திரும்பும் வெப்பநிலை மூன்றையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கட்டடவாரியாகப் பதிந்தால், தண்ணீரை வீணே திருப்பி அனுப்பும் கட்டடம் எது என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.