ஜல்லி கடைசியில்தான்: மாடல் ரயில் கிளப்பின் வாராந்தர வேலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரம் ஒரு மாலை கூடுவது, அதற்குள் முடியக்கூடிய ஒரு சின்ன வேலையைக் கையில் எடுப்பது. மாடல் ரயில் கிளப்புகள் பலவற்றில் வேலை இப்படித்தான் நடக்கிறது. ஒருவர் வேகனுக்கு எடை சேர்ப்பார், இன்னொருவர் எஞ்சினுக்குள் டீகோடர் (கட்டளைகளை வாங்கி மோட்டாரை இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) பொருத்துவார், மூன்றாமவர் கிளப் லேஅவுட்டில் (பலகைமேல் அமைத்த மாடல் ரயில் பாதையில்) ஒரு மீட்டர் பாதையைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொள்வார். புதிதாக வந்தவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் அதே பழைய இடங்கள்தாம். இன்று சொல்லிக்கொடுப்பவர்களும் அங்கே விழுந்து எழுந்தவர்கள்தாம். பசை காயும் முன் தொடுவது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே எடுக்கவில்லை, அவை ஒரு முறை பட்டால் தெரிந்துவிடும். அளவுகள் எல்லாம் ஹெச்ஓ வகைக்கு: 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.

சோதிக்காத பாதையில் ஜல்லி கொட்டுவது

ஜல்லி விழுந்ததும் பாதைக்கு உயிர் வந்துவிடும். ஒரே மாலையில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் அது. சுற்றி நிற்பவர்களும் பாராட்டுவார்கள். பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒயர் பற்றவைப்பதை யாரும் பார்ப்பதில்லை. அதனால் ஜல்லி இந்த வாரமும், ஒயர் அடுத்த வாரமும் என்று வரிசை புரண்டுபோகிறது. ஒரு கிளப்பின் உழைப்பை இந்த அளவுக்குத் தின்னும் தவறு வேறு இல்லை. எத்தனை தடவை சொன்னாலும் யாராவது ஒருவர் திரும்பச் செய்கிறார் என்பதுதான் எரிச்சல்.

நடப்பது இதுதான். தண்டவாளத் துண்டுகள் வெறும் இணைப்புத் தகடுகளால் கோக்கப்பட்டிருக்கும். தகடு புதிது, இறுக்கமானது, உலோகம் சுத்தமானது. எனவே அன்றைக்கு எஞ்சின் அழகாக ஓடும். பிறகு ஜல்லியைப் பரப்பி, ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு இரண்டு பங்கு தண்ணீரும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து சொட்டுவார்கள். அந்தத் திரவம் சேர்ப்பதே தண்ணீர் எல்லா இடுக்கிலும் இறங்கட்டும் என்றுதான். இணைப்புத் தகட்டின் உள்பக்கமும் ஓர் இடுக்குதானே? பசை அங்கே போய்க் காய்ந்து மின்சாரத்தை மறிக்கும் படலமாகிவிடும். வெப்பநிலை மாற மாற, தண்டவாளம் தகட்டுக்குள் நீண்டு சுருங்கி அந்தத் தொடுகையை இன்னும் கெடுக்கும். சில வாரங்களில் எஞ்சின் குறிப்பிட்ட இடத்தில் தயங்கும், அப்புறம் நிற்கும்.

அதன்பின் செய்கிற வைத்தியம் நோயைவிட மோசம். ஜல்லியை ஓரமாகச் சுரண்டி, தண்டவாளத்தின் பக்கவாட்டில் ஃபீடர் ஒயரை, அதாவது தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் சின்ன ஒயரை, பற்றவைக்கப் பார்ப்பார்கள். பசை படிந்த உலோகத்தில் ஈயம் பிடிக்காது. பிடிக்கவில்லையே என்று சூட்டுக்கோலை இன்னும் சில விநாடி அழுத்துவார்கள். 60/40 ஈயம் ஏறத்தாழ 190 டிகிரியில் உருகும், கோலின் முனை 350 டிகிரியில் இருக்கும். பிளாஸ்டிக் ஸ்லீப்பரோ (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) அதற்கெல்லாம் வெகு முன்பே இளகிவிடும். ஸ்லீப்பர் இளகினால் இடைவெளி மாறும். மின்சாரம் வராத பாதை, இப்போது பெட்டி தடம் புரளும் பாதையும் ஆகிவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் நனைத்து, ஊறவைத்து, தகடு கொண்டு பெயர்க்க வேண்டியிருக்கும். கூடவே அடியில் இருக்கும் கார்க் விரிப்பும் கிழிந்து வரும். பாயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதுதான் வழி. ஒரு மாலையில் போட்டதை எடுக்க இரண்டு மூன்று மாலைகள் போகும்.

சரியான வரிசை இப்படி. முதலில், ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி ஃபீடர். இணைப்புத் தகடு தண்டவாளங்களை நேர்க்கோட்டில் நிறுத்த மட்டுமே. அது மின்சாரம் கடத்தும் என்று கணக்கில் எடுக்கவே கூடாது. ஃபீடர் 0.5 சதுர மி.மீ. இருந்தால் போதும், 30 செ.மீ.க்கு மேல் நீள வேண்டாம். அடியில் ஓடி எல்லா ஃபீடர்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பஸ் ஒயர் 2 சதுர மி.மீ. செம்பு. ஏன் இவ்வளவு தடிமன் என்று கேட்பவர்களுக்குக் கணக்கு எளிது: 10 மீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்ப 20 மீட்டர் ஒயர். 2 சதுர மி.மீ. ஒயரில் அதன் தடை சுமார் 0.17 ஓம், 3 ஆம்பியர் ஓடினால் இழப்பு அரை வோல்ட். 0.33 சதுர மி.மீ. ஒயரையே பஸ்ஸாக இழுத்தால் தடை 1 ஓம், 3 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

பற்றவைப்பது தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில். உள்பக்கம் வைத்தால் சக்கர விளிம்பு இடிக்கும். உலோகத்தைச் சிறு அரத்தால் பளபளப்பாக்கி, ரோசின் ஃப்ளக்ஸ் தடவி (அமில ஃப்ளக்ஸ் பின்னாளில் அரித்துவிடும்), ஒயரிலும் தண்டவாளத்திலும் தனித்தனியாக ஈயம் பூசிக்கொண்டு, பிறகு சேர்த்தால் இரண்டு விநாடியில் முடிந்துவிடும். இருபுறமும் உலோகக் கிளிப் மாட்டினால் சூடு ஸ்லீப்பருக்குப் போகாது. கிராஸிங்கின் (தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்தின்) மின்முனை மாறும் வகைப் பாயின்ட் என்றால் அதற்கான ஒயரையும் இப்போதே கீழே இறக்கிவிட வேண்டும்.

அடுத்தது நாணயச் சோதனை. டிசிசி (மின்சாரத்தோடு டீகோடருக்கான கட்டளையும் பாதையிலேயே போகும் டிஜிட்டல் முறை) மின்சாரம் ஓடும்போது, மீட்டருக்கு ஓரிடமாக இரு தண்டவாளங்களின் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். பாதைக்கு மின்சாரம் தரும் கருவியான பூஸ்டர் உடனே துண்டிக்க வேண்டும். எங்காவது துண்டிக்கவில்லை என்றால் அங்கே தடை அதிகம். 15 வோல்ட், 5 ஆம்பியர் பூஸ்டரிலிருந்து 75 வாட் வரை வரலாம். தடம் புரண்ட எஞ்சின் அந்த இடத்தில் குறுக்குச் சுற்று ஏற்படுத்தினால், பூஸ்டர் துண்டிக்காமல் அதைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். சக்கரச் சட்டம் உருகிவிடும்.

பிறகு ஒரு கூட்ட மாலை முழுவதும் ரயிலை ஓட்டிப் பாருங்கள். கிளப்பில் இருப்பதிலேயே நீளமான பெட்டிகள், முன்னால் இழுத்தும் பின்னால் தள்ளியும், மெதுவான வேகத்தில். தள்ளும்போதுதான் பாதையின் குறை வெளியே வரும். இவ்வளவும் தேறினால் அடுத்த வாரம் ஜல்லி. பாயின்டின் நகரும் பட்டையில் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத எண்ணெய் ஒரு சொட்டு, நாக்குகள் அசையும் பகுதியில் பசையே இல்லை, ஸ்லீப்பரின் மேல்மட்டத்தைத் தாண்டி ஒரு கல்லும் இல்லை. காயும் வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாயின்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருங்கள்.

எடை குறைந்த வேகன்

தடம் புரண்டால் பாதையைத்தான் முதலில் திட்டுவார்கள். பல நேரம் குற்றம் வேகனுடையது. அமெரிக்கத் தேசிய மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏயின் பரிந்துரை, ஹெச்ஓ வேகனுக்கு அடிப்படையாக 28 கிராம், அத்துடன் நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 5.6 கிராம். 15 செ.மீ. வேகன் என்றால் 112 கிராம். சமையலறைத் தராசு போதும். எடையைக் கூரைக்கு அடியில் ஒட்டாமல் தரையில், இரு சக்கரச் சட்டங்களுக்கும் சமமாகப் பிரித்து ஒட்டுங்கள். சக்கரங்களின் உள்பக்க இடைவெளி 14.4 மி.மீ. இருக்கிறதா என்று அளவுத் தகட்டால் பாருங்கள். கண்ணால் இது தெரியாது.

வீட்டு விளக்குகள்

இரண்டு பிழைகள். ஒன்று, பல எல்இடிகளைப் பக்க இணைப்பில் கோத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடுவது. ஏதோ ஒன்று அதிக மின்சாரத்தை வாங்கிக்கொண்டு முதலில் போகும், பிறகு மற்றவை வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். 12 வோல்ட்டில் வெள்ளை எல்இடிக்கு 1 கிலோ ஓம் போட்டால் 9 மில்லி ஆம்பியர் ஓடும்; வீட்டு ஜன்னலுக்கு அது கண்ணைக் கூசும் வெளிச்சம். 4.7 கிலோ ஓமில் தொடங்குங்கள்.

மற்றொன்று, சுவரின் உள்பக்கத்துக்குக் கறுப்பு அடிக்காமல் விளக்கு வைப்பது. பிளாஸ்டிக் சுவர் முழுவதும் ஒளிரும்.

டீகோடர்

மோட்டாரின் இரு பிரஷ்களும் எஞ்சினின் சட்டத்தைத் தொடவில்லை என்பதை மல்டிமீட்டரில் உறுதிசெய்துவிட்டே ஒயர் இணையுங்கள். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. முதல் மின்சாரம் புரோகிராமிங் பாதையில்தான் (டீகோடரில் அமைப்புகளைப் பதியும் தனிப் பாதை). அங்கே மின்னோட்டம் மட்டுப்படுத்தப்பட்டிருக்கும் என்பதால் தவறு இருந்தாலும் டீகோடர் பெரும்பாலும் தப்பும். பெரிய லேஅவுட்டில் நேராக வைத்தால் புகைதான் வரும்.

எதிரெதிர் வளைவுகள்

நடுவில் ஒரு நீளப் பெட்டி அளவுக்காவது நேர்ப்பாதை வேண்டும்.

தண்டவாளத்தில் மணல் தாள்

வேண்டாம். கீறல்களில்தான் அழுக்கு சேரும்.

எண்ணெய்

ஊசி முனையில் நிற்கும் அளவு.

பாதியில் நிறுத்திய வேலை

அடுத்த வாரம் அதே ஆள் வருவார் என்பது நிச்சயமில்லை. பிரித்த ஒயர் ஒவ்வொன்றிலும் மறைப்பு நாடா ஒட்டி மூன்று விஷயம் எழுதுங்கள்: எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும், சோதித்தாயிற்றா இல்லையா. தேதியும் வேண்டும். ஒயர் நிற விதியைப் பலகையின் அடியிலேயே அழியாத மையில் எழுதிவைக்க வேண்டும். சோதித்து முடிக்காத பாதைத் துண்டின் மேல் "ஜல்லி வேண்டாம்" என்று பெரிதாக எழுதிய அட்டையை வைத்துவிட்டுப் போங்கள். நாணயச் சோதனையையும் ஓட்டத்தையும் முடித்தவர் கையெழுத்திட்டு அதை எடுக்கட்டும்.