கவுன்டி ஜெயிலில் நம்மவர் இருந்தால்

அமெரிக்காவில் ஒருவரைக் கைது செய்தால் பெரும்பாலும் முதலில் போவது கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஜெயிலுக்குத்தான், அதை நடத்துவது பல இடங்களில் ஷெரிஃப் (கவுன்டியின் போலீஸ் தலைவர்) அலுவலகம் என்பதால் அவர்களுடைய இணையதளத்தில் கைதியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பதிவு முடியவே பல மணி நேரம் ஆகலாம், பெயர் வரவில்லை என்று பதற வேண்டாம். வந்ததும் புக்கிங் நம்பரை (ஜெயிலில் அவருக்குத் தரும் பதிவு எண்) குறித்து வையுங்கள். பணம் போட, கடிதம் எழுத, பார்க்கப் போக எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

அப்புறம் போன். அவர்தான் உள்ளிருந்து கூப்பிட முடியும், பேச்சு பதிவாகும், தமிழில் பேசினாலும் மொழிபெயர்த்து கோர்ட்டில் வைக்கலாம். அதனால் "என்னதான் நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாப்பிட்டாயா, வக்கீல் வந்தாரா, அவ்வளவு போதும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுப்பவர் என்றால் ஜெயில் மருத்துவப் பிரிவுக்கு நீங்களே போன் செய்து மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லிவிடுங்கள்.

ஜாமீன் ஏஜென்ட் (கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் தொகைக்குப் பொறுப்பேற்பவர்) மூலம் எடுத்தால் கலிஃபோர்னியாவில் வழக்கமாக ஜாமீன் தொகையில் 10 சதவீதம் கட்டணம், அது திரும்பி வராது. முழுத் தொகையையும் கோர்ட்டில் நீங்களே கட்டி, அவர் ஒரு வாய்தாவும் தவறாமல் ஆஜரானால் வழக்கு முடிந்ததும் கிடைக்கும். விசா, கிரீன் கார்டில் இருப்பவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்ற வக்கீலிடம் கண்டிப்பாகப் பேசட்டும்.